பட்டாணி அளவு மருந்து

தாயகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டால், யோசனை இரண்டு திசைகளிலிருந்து வந்து சேருகிறது. ஒன்று, இருக்கும் ஊரின் மருத்துவரிடமிருந்து வருவது. அது நமக்கு முழுவதும் வசப்படாத மொழியில், ஐந்து நிமிடங்களுக்குள் சொல்லி முடிக்கப்படுகிறது. மற்றொன்று, சொந்த ஊரிலுள்ள உறவினரிடமிருந்து வருவது. அது நமது தாய்மொழியில், தொலைபேசி வாயிலாக, நாள்தோறும் சொல்லப்படுகிறது. காய்ச்சல், தலைவலி போன்றவற்றில் இதனால் பெருங்கேடு எதுவும் விளைவதில்லை. ஆனால், மெல்ல மெல்லப் பலன் தரும் மருந்துகளின் கதை வேறு. அரைகுறையாகப் புரிந்து ஒருமுறை கேட்டது மறந்துபோகிறது. நன்றாகப் புரிந்து பலமுறை கேட்டதே மனத்தில் நிலைக்கிறது. முகப்பருவுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் ரெட்டினாய்டு என்னும் பூச்சு மருந்து அத்தகைய மருந்துகளுள் ஒன்று. அதைப் பற்றியே இன்று பேச முற்படுகிறோம்.

முகப்பருவை அற்ப விஷயமென்று ஒதுக்குவோர் உண்டு. வயது வந்தால் வரும், வயது கடந்தால் போகும் என்பார்கள். பலருக்கு அவ்வாறு போய்விடுவதும் உண்மையே. ஆயினும் சிலருக்கு அது இருபத்தைந்து, முப்பது வயது வரையிலும் நீடிக்கிறது. போகும்போது வடுவையும் கருந்தழும்பையும் விட்டுச் செல்கிறது. கண்ணாடியைக் கண்டு முகம் திருப்பும் இளைஞனையும், விருந்துக்கு வர மறுக்கும் பெண்ணையும் பார்த்திருப்பவர்கள் இதை அற்பமென்று சொல்லமாட்டார்கள்.

பரு ஏன் உண்டாகிறது? ‘உடம்புச் சூடு’ என்பது நமது பாட்டிமார் தரும் விடை. மருத்துவ நூல்கள் தரும் விடை வேறு. நமது சருமத்தின் ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் பசை சிறு குழாய் வழியாக மேலே வந்து தோலை நனைக்கிறது. அக்குழாயின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் இறந்து உதிர்ந்துகொண்டே இருக்கவேண்டும். பருவ வயதில் உடலிலுள்ள சில இயக்குநீர்களின் தூண்டுதலால் பசை மிகுதியாகிறது. உதிர வேண்டிய உயிரணுக்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த அடைப்பே முதற்படி. அது வளர்ந்தால் வெண்புள்ளி. வாய் திறந்து காற்றுப் பட்டால் கரும்புள்ளி. உள்ளே தேங்கிய பசையில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் என்னும் நுண்ணுயிர் பெருகிச் சுற்றிலும் அழற்சி உண்டானால், அதுவே சிவந்து வலிக்கும் பரு. ஆகவே இன்று முகத்தில் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கியதாகும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் யாவும் எளிதில் விளங்கும்.

ரெட்டினாய்டுகள் வைட்டமின் ஏ என்னும் சத்தின் வழிவந்தவை, அல்லது அதனைப்போலச் செயற்படுபவை. அவற்றுள் ட்ரெட்டினாயின் என்பது மூத்தது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவப் பேராசிரியர் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய துணைவர்களும், இதனைப் பருவின்மேல் பூசிக் கண்ட பலனை வெளியிட்டார்கள். 1971-இல் அந்நாட்டு அரசு அதனை மருந்தாக அங்கீகரித்தது. 1996-இல் அடாபலீன் என்னும் இளைய மருந்து வந்தது. அது சருமத்தைச் சற்றுக் குறைவாகவே உறுத்துகிறது. இவை பருவைச் சுட்டு எரிப்பவை அல்ல. உயிரணுக்களின் கருவினுள் உள்ள ஏற்பிகளைப் பற்றி நின்று, உதிர்தலை ஒழுங்குபடுத்துகின்றன. புதிய அடைப்பு உண்டாகாமல் தடுக்கின்றன. அதாவது, இம்மருந்து இன்றைய பருவைவிட அடுத்த மாதத்துப் பருவையே முக்கியமாகக் குறிவைக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பொறுத்தாலன்றி இதன் முழுப்பலன் தெரியாது என்பதன் காரணம் இதுவே.

இம்மருந்தின் வரலாற்றில் வருந்தத்தக்க பகுதியும் உண்டு. கிளிக்மன் பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலையில், 1951 முதல் 1974 வரை, கைதிகளின் உடல்மீது பல சோதனைகளை நடத்தினார். தம்மேல் பூசப்படுவது என்ன, அதனால் நேரக்கூடியது என்ன என்று அவர்களிற் பலருக்கு விளக்கப்படவில்லை. அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-இல் அதற்காக மன்னிப்புக் கோரியது. நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது மருத்துவத்தின் அலங்காரமன்று, அதன் உயிர்நிலை என்பதற்கு இதைக் காட்டிலும் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

எடுத்துச் சொல்வதைப் பற்றிப் பேசும் உரிமை எங்களுக்குச் சிறிது குறைவுதான். தில்லியில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பே எங்கள் தொழில். அறிவிப்புகளையும் சுற்றறிக்கைகளையும் பிழையின்றித் தமிழாக்குகிறோம் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. அந்தப் பெருமை எங்கள் வீட்டிலேயே குலைந்த வரலாற்றைச் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் தமக்கையின் மகள் மதுரைப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வேலை நிமித்தம் வந்து எங்களோடு தங்கினாள். வயது இருபத்துநான்கு. முகத்தில் பருக்கள் இருந்தன. தை பிறந்ததும் வரன் பார்க்கவேண்டுமென்று ஊரில் பேச்சு. நவம்பர் மாதத்தில் ஒருநாள் மருத்துவமனையொன்றின் தோல் பிரிவுக்குப் போக முடிவாயிற்று. அன்று எங்கள் அலுவலகத்தில் அவசர வேலை. “நீ போய்வா, அம்மா, மருத்துவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்தால் போதும்” என்று தனியே அனுப்பிவிட்டோம். அவளுக்கு அப்போது தெரிந்த இந்தி, காய்கறி வாங்கும் அளவுக்கே இருந்தது.

மருத்துவர் 0.025 சதவீத ட்ரெட்டினாயின் களிம்பு எழுதி, நிதானமாகவே விளக்கியிருக்கிறார். “மடர் கே தானே ஜித்னா” என்றார், பட்டாணி அளவு. முகம் முழுமைக்கும் சேர்த்து ஒரு பட்டாணி என்பது அவர் கருத்து. ஒவ்வொரு பருவுக்கும் ஒரு பட்டாணி என்று இவள் எடுத்துக்கொண்டாள். “ஏக் தின் சோட் கர்” என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசவேண்டும் என்பது பொருள். இன்று விட்டுவிட்டு நாளை தொடங்கவேண்டும் போலும் என்று இவள் எண்ணி, மறுநாள் முதல் ஒவ்வோர் இரவும் பூசினாள். முதலில் சற்று மோசமாகத் தெரியும், பயப்படவேண்டாம் என்று அவர் சொன்னது இவள் செவியில் ஏறவேயில்லை.

பத்தே நாட்களில் மூக்கின் ஓரமும் வாயின் ஓரமும் உரிந்து எரியலாயின. நவம்பர் கடைசியில் தில்லியின் காற்று வறண்டுபோகும். மதுரையில் வியர்வையால் எப்போதும் ஈரமாயிருந்த தோலுக்கு அந்த வறட்சியே போதும். அதன்மேல் பத்து மடங்கு மருந்து. பருக்களும் கூடினாற்போலத் தோன்றின. ஊரிலிருந்து தமக்கை தொலைபேசியில் அழுதாள். “நிழற்படம் கேட்கிறார்கள், இந்த முகத்தோடு எப்படி எடுப்பது?” என்றாள். மருந்தை நிறுத்தினோம்.

இதுவரை நடந்தது அறியாமை. இனி நடந்தது எங்கள் குற்றம்.

அண்டை வீட்டார் ஒருவர், மருந்துக்கடையில் கேட்டாலே கொடுப்பார்களென்று வேறொரு குழாய்க் களிம்பின் பெயரைச் சொன்னார். வாங்கி வந்தோம். சிறிய எழுத்துகளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தோம். அதில் ட்ரெட்டினாயின் என்ற சொல் இருந்தது. “மருத்துவர் எழுதிய அதே மருந்துதான், அம்மா, கூட இரண்டு சரக்கும் சேர்ந்திருக்கின்றன, நல்லதுதான்” என்று சொல்லிக் கொடுத்தோம். அந்த இரண்டில் ஒன்று நிறத்தை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோன். மற்றொன்று மொமெட்டாசோன் என்னும் ஸ்டீராய்டு. தெரிந்த ஒரு சொல்லைக் கண்டதும் தெரியாத இரண்டு சொற்களையும் நம்பிவிட்டோம். அதே குழாயின் மேல், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையாக விற்கலாகாது என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் இருந்தது. அலுவலகத்தில் அத்தகைய வாக்கியமொன்று வந்தால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் பார்த்திருப்போம். வீட்டில் பார்க்கவில்லை.

இரண்டே வாரத்தில் முகம் பளபளத்தது. சிவப்பு அடங்கியது; நிறமும் ஒரு படி கூடினாற்போல இருந்தது. தமக்கை மகிழ்ந்தாள். நிழற்படம் எடுத்தாயிற்று. மார்ச் மாதம் வரை அவள் விடாமல் பூசினாள். பூசாத நாளில் முகம் சிவந்து எரிந்தது. ஆகவே மீண்டும் பூசினாள். கன்னங்களில் மெல்லிய செந்நரம்புகள் கோலமிட்டாற்போலத் தெரிந்தன. முன்னைக் காட்டிலும் அடர்த்தியாக, ஒரே அளவினவான சிறு பருக்கள் எழுந்தன. வெயிலில் இறங்கினால் முகம் தீப்பட்டதுபோலாயிற்று.

மறுபடியும் அதே மருத்துவரிடம் சென்றோம். இம்முறை நாங்களும் உடன் போனோம். குழாயைக் கையில் வாங்கிப் பார்த்த அவர் கடிந்துகொள்ளவில்லை. நமது நாட்டில் இது எத்தனையோ முகங்களில் காணப்படுவதால், ஸ்டீராய்டால் பழுதுபட்ட முகம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே இட்டிருக்கிறார்கள் என்றார். பூசும் ஸ்டீராய்டுகள் பதினான்கைச் சீட்டின்றி விற்கலாகாதென்று 2018-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதைப்போன்ற அறிவிப்புகளைத் தமிழாக்குவதே தொழிலாகக் கொண்ட நாங்கள், அதை அவர் வாயால் கேட்டுத் தலைகுனிந்து நின்றோம்.

அதே அறையில் இன்னொரு சோதனையும் காத்திருந்தது. திருமணம் நிச்சயமாகியிருக்கிறதா, குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் நாள் எப்போது என்று மருத்துவர் கேட்டார். ரெட்டினாய்டு பூச்சுகளைக் கர்ப்ப காலத்தில் பயன்படுத்தலாகாது. கருத்தரிக்க எண்ணும்போதே மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடவேண்டும் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லும்படி எங்களைப் பணித்தார். தமக்கையின் மகளிடம் அதைச் சொல்ல நாவெழவில்லை. “கலியாணத்துக்குப் பிறகு இந்த மருந்து வேண்டாமாம்” என்று சுருக்கிச் சொன்னோம். அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். “அவர் இவ்வளவு நேரம் பேசினார், நீங்கள் ஒரே வாக்கியம் சொல்கிறீர்களே, மாமா?” என்றாள். அன்று மாலை அவளுடைய அத்தை அவளை அழைத்து உட்காரவைத்து, சொன்னதை முழுவதும் சொன்னாள். அவள் வெட்கப்படவில்லை. வெட்கம் எங்களிடந்தான் இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். பூசும் மருந்தில் மிகச் சிறிய பகுதியே உடலினுள் சேருகிறது. எனினும் முன்னெச்சரிக்கையாக விலக்குகிறார்கள். ஆனால், ஐசோட்ரெட்டினாயின் என்ற பெயரில் உட்கொள்ளும் ரெட்டினாய்டு ஒன்றும் உண்டு. 1982-ஆம் ஆண்டு முதல் கொடும் பருக்களுக்கு அது கொடுக்கப்பட்டு வருகிறது. மிகுந்த பயன் தருவது அது. ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்குக் கடும் ஊனத்தை விளைவிக்கவல்லது. அதை உண்ணும் காலத்திலும், நிறுத்தியபின் குறைந்தது ஒரு மாதமும் பெண்கள் கருத்தரிக்கவே கூடாது. விடுதிகளில் சேர்ந்து வாழும் இளம்பெண்கள், ஒருத்திக்கு எழுதித் தந்த மாத்திரையை மற்றொருத்தி வாங்கி விழுங்கும் வழக்கம் இருந்தால், அதை அன்றே விட்டுவிடவேண்டும். 

இனி, பூச்சு மருந்தைப் பயன்படுத்தும் முறையை ஒழுங்காகக் கூறுவோம். இரவில், மென்மையான சோப்பினால் முகத்தைக் கழுவித் துடைத்து, இருபது அல்லது முப்பது நிமிடம் நன்றாக உலரவிடவேண்டும். ஈரத்தோலில் பூசினால் எரிச்சல் மிகும். விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து, நெற்றி, மூக்கு, இரு கன்னங்கள், மோவாய் ஆகிய இடங்களில் புள்ளியாக வைத்து முகம் முழுவதும் மெல்லியதாகப் பரப்பவேண்டும். பருவின்மேல் மட்டும் வைப்பது முறையன்று. ஏனெனில் நாளைய பரு எங்கே ஒளிந்திருக்கிறதென்று நமக்குத் தெரியாது. கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் ஆகியவற்றை விலக்கவேண்டும். தொடக்கத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மென்மையான சருமமுடையோர் இரண்டு நாள் விட்டு ஒரு நாள் பூசி, தோல் பழகிய பிறகு மருத்துவரின் யோசனைப்படி கூட்டலாம்.

ஈரப்பசை தரும் களிம்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மருந்துக்கு முன்னே பூசினாலும் குற்றமில்லை. தில்லி, சண்டிகர், லக்னோ முதலிய வடநகரங்களின் குளிர்காலத்தில் அது இன்றியமையாதது. தேவையானால் மருந்து பூசும் நாட்களைக் குறைத்துக்கொள்ளலாம். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பகலில் வெயில்காப்புக் களிம்பும் குடையும் வேண்டும். ட்ரெட்டினாயின் வெளிச்சத்தில் சிதைவது. பென்சாயில் பெராக்ஸைடு என்னும் மற்றொரு பரு மருந்துடன் ஒரே வேளையில் பூசினாலும் சிதையக்கூடும். அடாபலீனுக்கு இவ்விரு குறைகளும் இல்லை. மருந்து பூசும் காலத்தில் முகத்தில் மெழுகிட்டு முடி நீக்கினால் தோலே உரிந்துவரும்.

நமது மாநிறச் சருமத்துக்கு மற்றொரு விசேஷம் உண்டு. அழற்சி எதுவாயினும், அது ஆறியபின் கருந்தழும்பு நெடுநாள் நிற்கும். பருவும் கருக்கவைக்கும், அளவுமீறிப் பூசிய மருந்தின் எரிச்சலும் கருக்கவைக்கும். ஆகவே விரைவில் குணமாகவேண்டுமென்று அதிகமாகப் பூசுவோர், எதைப் போக்க விரும்பினார்களோ அதையே வரவழைத்துக்கொள்கிறார்கள். எலுமிச்சைச் சாறு, பற்பசை, கரகரப்பான மாவுகள் ஆகியவற்றையும் அக்காலத்தில் முகத்தினருகே கொண்டுவரலாகாது. தலைக்கு எண்ணெய் வைப்பதை விடவேண்டியதில்லை. அது நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கள் பெண்ணின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். ஸ்டீராய்டின் பிடியிலிருந்து மீள நான்கு மாதங்களுக்கு மேலாயின. மருத்துவர் படிப்படியாக வழிநடத்தினார். அந்த நாட்களில் அவள் முகம் இருந்த நிலையையும், அவள் அலுவலகம் போய்வந்த துணிவையும் நாங்கள் மறக்கமாட்டோம். அதன் பிறகே ரெட்டினாய்டை மீண்டும் தொடங்கினார், இம்முறை அடாபலீன். நாங்கள் ஒரு காகிதத்தில் ஐந்தே வரிகள் தமிழில் எழுதிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினோம்: முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி; ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில்; உலர்ந்த தோலில்; முதல் மாதம் மோசமாகத் தெரியலாம், பன்னிரண்டு வாரம் பொறு; மணம் நிச்சயமானால் மருத்துவரிடம் சொல். கடைசி வரியை அவளே திருத்தினாள்: குழந்தை வேண்டுமென்று நினைத்தால் முதலில் மருந்தை நிறுத்து என்று எழுதினாள். அதுவே சரியான மொழிபெயர்ப்பு. எட்டாவது வாரத்தில் புதிய பருக்கள் குறைந்தன. செந்நரம்புகள் முற்றிலும் மறையவில்லை. உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும். தமக்கைக்கும் அதே ஐந்து வரிகளைப் படித்துக் காட்டினோம். அதன் பிறகு தொலைபேசியில், “இது எத்தனையாவது வாரம்?” என்றுதான் அவள் கேட்டாள்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்களை நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே. மருத்துவரிடம் போகும்போது அவ்வூர் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அறையை விட்டு வெளியே வருமுன், எவ்வளவு, எப்போது, எத்தனை நாளுக்கொருமுறை, எப்போது நிறுத்துவது என்ற நான்கையும் நீங்களே திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தமிழில் எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் மொழி அறிந்தவர் நீங்களே என்றால், அந்தப் பிள்ளைகளுக்காக அரைநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அன்று எடுக்காத அந்த அரைநாளுக்கு ஈடாக, அவள் ஓராண்டைக் கொடுக்க நேர்ந்தது.